வாசிக்காத இரண்டு வரி

அந்த ஊரின் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. திருச்சிப் பக்கம் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அதுதான் பூர்வீகம். போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை அடித்தால் அந்த ஊர் முதல் வரியில் இருக்க வேண்டும். செத்தால் கண்ணீர் அஞ்சலி நோட்டீசிலும் இருக்க வேண்டும். பொகவந்தலாவையில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே கண்ணை மூடிய ஒரு பெண்ணை "திருச்சி மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்" என்று லைட் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போவோம். அதில் எங்களுக்கு ஒரு பெருமை.

எல்லோருக்கும் ஒரே ஊர் எப்படி வாய்த்தது என்று கேட்டால், அது எங்கள் ஆட்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த பெரிய கங்காணியின் ஊர். அவர் சுற்றுவட்டாரத்தில் கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டுதான் வந்திருப்பார். ஆனால் தோட்டத்துக் கந்தோரில், அதாவது ஆபீசில், ஒரு கூட்டத்துக்கு ஓர் ஊர் என்று எழுதினார்கள். பிறகு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் நிரப்பிய கணக்கப்பிள்ளைகள், ஊர் தெரியாது என்று தலையைச் சொறிந்த அத்தனை பேருக்கும் அதையே எழுதிவிட்டார்கள். கங்காணி ஊரே எல்லாருக்கும் ஊராகிவிட்டது.

நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆசிரியை. பிறந்ததும் இங்கேதான், மேட்டு லயத்தில், மேல்பக்கத்து வரிசை வீடுகளில். என் கொள்ளுத்தாத்தா அந்தப் பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணியாக இருந்தவர். அதனால் எங்கள் வீட்டில் ஊர் மட்டுமல்ல, தெருவும் தெரியும். மேலத்தெரு. கல்யாணப் பத்திரிகையில் அதையும் விடாமல் போடுவோம்.

போன வருடம் தரம் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் கேட்டு, உங்கள் பூர்வீகத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். என் சொந்த யோசனைதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை என்று அடுத்த வருடம் பிள்ளைகளைப் பிழிந்து எடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் மனதில் உள்ளதை எழுதிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு நான் செய்த காரியங்களை எண்ணினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகள் ஒரு வாரம் வீட்டில் உயிரை வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தி பழைய பாஸ்போர்ட்டின் போட்டோக் கொப்பி கொண்டுவந்தாள். இன்னொருத்தி மாமாவின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். ஒரு பையன் "எங்கள் பூர்வீகம் வட்டவளை, அங்கே ரயில் வரும்போது பாலம் நடுங்கும்" என்று அழகாகத் தொடங்கியிருந்தான். வட்டவளை இங்கே பக்கத்தில்தான், அவன் அம்மாவின் ஊர். அது பூர்வீகமில்லை, திரும்ப எழுது என்று சிவப்புப் பேனையால் வெட்டினேன். பாவம், அவன் கண்ணால் பார்த்த ஒரே பூர்வீகம் அது. மறுநாள் அவனும் திருச்சி மாவட்டத்தோடு வந்தான்.

பணிய லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். கீழ்ப்பக்கம் உள்ள லயத்தைத்தான் எங்கள் பக்கம் பணிய லயம் என்போம். ஒன்பது வயது, முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது, கேள்வி கேட்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். அவள் அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கழிக்கிற வேலை. சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்பு மேளம் அடிப்பவரும் அவர்தான். அவர் வீட்டில் பாஸ்போர்ட்டும் இல்லை, பத்திரிகையும் இல்லை. "பெரிய கங்காணி ஊருதான் நம்ம ஊரும். அங்கன ஒரு பெரிய குளம் இருந்துச்சாம். அவ்வளவுதான் தெரியும்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் குளத்தை வைத்துக்கொண்டு அவள் எழுதியது இதுதான். அந்த நோட்டுக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

*எங்க ஊர்ல ஒரு குளம் இருக்காம்.*
*நான் அதைப் பாத்ததில்ல, அதுவும் என்னைப் பாத்ததில்ல.*
*போனா மொதல்ல செருப்பைக் கழட்டுவேன்.*
*குளம் கேக்கும், யார் வீட்டுப் புள்ள நீ?*
*நான் எங்கப்பா பேரைச் சொல்லுவேன்.*
*எறங்கு, தண்ணி ஒன்னோடதுதான்னு குளம் சொல்லும்.*

பேச்சு மொழியில் எழுதினால் வெட்டுவது என் வழக்கம். இதில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. ஸ்டாப் ரூமில் இருந்த எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் என் வகுப்பில் எழுதப்பட்டவற்றில் இதுதான் கவிதை என்று சொன்னேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து அதிபருக்கு விஷயம் போனது. அவருடைய மைத்துனர் கோவில் யாத்திரைக்கு இந்தியா போனபோது அந்த ஊர்ப் பக்கம் போயிருக்கிறார், அங்கேயுள்ள பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் நம்பர் அவரிடம் இருந்தது. "வீடியோ கோல் ஒண்ணு போடுவோம் டீச்சர். நம்ம புள்ளைக வாசிக்கட்டும், அங்க உள்ள புள்ளைக கேக்கட்டும். பேஸ்புக்ல போட்டா எங்கயோ போயிரும்" என்றார் அதிபர். எனக்கும் ஆசைதான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது. அந்த ஊரைச் சேர்ந்த ஒன்பது பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தோம்.

அவளை மூன்றாவதாக நிறுத்தினேன். முதலில் வைத்தால் அங்கே ஆட்கள் வந்து உட்காருவதற்குள் முடிந்துவிடும், கடைசியில் வைத்தால் சிக்னல் போய்விடும் என்று கணக்குப் போட்டுச் செய்த ஏற்பாடு. இரண்டு வாரம் தினமும் இடைவேளையில் வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். "எறங்கு" என்று வரும்போது கையை நீட்டட்டுமா டீச்சர் என்று கேட்டாள். நீட்டு என்றேன். அந்த ஊரில் யாராவது ஒருவர், நீ எங்கள் பிள்ளைதான் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அதைக் கேட்டுவிட்டு ஓடிப்போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று என்னிடமே சொல்லியிருந்தாள்.

அன்று மழை இல்லை. தகரக் கூரைக்குக் கீழே மழை பெய்தால் ஒன்றும் கேட்காது, அதனால் காலையிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதிபரின் லெப்டொப்பை நாற்காலிமேல் நாற்காலி போட்டு, சிக்னல் வரும் ஜன்னலோரம் வைத்தோம். திரையில் தலைமையாசிரியர் வந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். பின்னால் பெஞ்சுகளில் பிள்ளைகள். பார்த்தவுடன் எங்கள் பிள்ளைகள் கையை ஆட்டினார்கள், அங்கே உள்ளவர்களும் ஆட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரம்தான், அங்கேயும் பத்தரை, இங்கேயும் பத்தரை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் முதலில் என்னைத்தான் விசாரித்தார்.

"டீச்சரம்மா, நீங்களும் நம்ம ஊருதானா? எந்தத் தெரு?"

மேலத்தெரு என்றேன். கொள்ளுத்தாத்தா பெயரையும் சொன்னேன்.

"அட! நம்ம தெருப் பொண்ணு!" என்று அவர் தொடையில் தட்டினார். "நாங்களும் மேலத்தெருதாம்மா. அப்ப நீங்க நமக்குச் சொந்தம்ல."

என் கண் நிறைந்துவிட்டது. உடம்பெல்லாம் குளிர்ந்து போனது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. தெரு கேட்பது எதைக் கேட்பது என்று தெரியாத வயதில்லை எனக்கு. அந்தப் பக்கத்தில் தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். தெரிந்தும் கண் நிறைந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

முதல் இரண்டு பேர் வாசித்தார்கள். அவர் கைதட்டினார், பேரன் பேத்தியைக் கொஞ்சுவது போலக் கொஞ்சினார். மூன்றாவதாக அவள் வந்தாள். தலையில் இரண்டு பக்கமும் சிவப்பு ரிப்பன். கொப்பியைப் பார்க்காமலே தொடங்கினாள். செருப்பைக் கழட்டுவேன் என்ற இடத்தில் அங்கே உள்ள பிள்ளைகள் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. "குளம் கேக்கும், யார் வீட்டுப் புள்ள நீ?" என்று அவள் நிறுத்தியதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"குளம் இருக்கட்டும், நான் கேக்குறேன். யார் வீட்டுப் புள்ளம்மா நீ? எந்தத் தெரு?"

அவள் திணறவில்லை. இது கவிதையிலேயே இருக்கிற கேள்விதானே. அப்பா பெயரைச் சொன்னாள். "தெரு தெரியாது சார்" என்றாள்.

"அப்பா என்ன வேலை பாக்குறாரு?"

"கவ்வாத்து வெட்டுறாங்க சார். தப்பும் அடிப்பாங்க. எங்கப்பா மாதிரி இந்தப் பக்கத்திலேயே யாராலயும் அடிக்க ஏலாது!"

அவ்வளவு பெருமையோடு ஒரு பிள்ளை அப்பாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் தலைமையாசிரியர் பக்கம் போனது.

"சரிம்மா. சரி. அடுத்த புள்ள வரட்டும்."

"சார், இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"நேரமாச்சும்மா, மத்தவங்களும் வாசிக்கணும்ல" என்றார் தலைமையாசிரியர். எங்கள் அதிபர் அவள் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தினார். அடுத்த பையன் வந்தான். அதற்குப் பிறகு ஆறு பேர் வாசித்தார்கள். ஒருவரையும் யாரும் இடையில் நிறுத்தவில்லை. பாஸ்போர்ட் கொப்பி கொண்டுவந்தவளின் கவிதை பதினாறு வரி, அதையும் முழுதாகக் கேட்டார்கள்.

நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். "ஐயா, அந்தப் பிள்ளை முடிக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்து போயிருக்கும்? அவருடைய தெருப் பெண் நான், சொன்னால் கேட்டிருப்பார். வாயைத் திறக்கவில்லை.

கோல் முடிந்ததும் அதிபருக்குத் தலைகால் புரியவில்லை. நூறு படம் எடுத்திருந்தார். அந்தப் பிள்ளையை முடிக்க விடவில்லையே சார் என்றேன். "நெட்வேர்க் பிரச்சினைன்னு சொல்லிருங்க டீச்சர்" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் எனக்காக வாசல் கேட்டடியில் காத்திருந்தாள். அழவில்லை. தன்மேல்தான் தப்பு என்று முடிவு கட்டியிருந்தாள்.

"தெரு தெரியாததுனாலதானே டீச்சர் நிப்பாட்டினாங்க? தெருவக் கேட்டுட்டு வந்தா மத்த ரெண்டு வரியும் வாசிக்க விடுவாங்களா?"

"விடுவாங்க. நான் திரும்ப போன் எடுத்துத் தர்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் வந்த வார்த்தை. அவளுக்கு அது சத்தியம்.

அன்று தொடங்கி அவள் தோட்டம் முழுக்கத் தெரு கேட்டு அலைந்தாள். "நாங்க எந்தத் தெரு? எங்க தெருவுக்கு என்ன பேரு?" காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா வாசலில், பஸ் நிற்கிற இடத்தில். சிலர் சிரித்தார்கள், சிலர் போய் உன் அப்பனிடம் கேள் என்று விரட்டினார்கள். மேட்டு லயத்துப் பெண் ஒருத்தி கோவில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னா டீச்சர், பணிய லயத்துப் புள்ள எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு தெரு கேக்குது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவளை நன்றாகத் திட்டிவிட்டேன். இந்தக் காலத்தில் இதெல்லாம் பேச வெட்கமில்லையா என்று கேட்டேன். ஸ்டாப் ரூமிலும் அந்த வெள்ளைச் சட்டைக்காரரை நார்நாராகக் கிழித்தேன். நாம் கடல் தாண்டி வந்து இத்தனை காலமாகியும் இவர்கள் இந்தப் புத்தியை விடவில்லையே என்று பொரிந்து தள்ளினேன். இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு கோபம், அவ்வளவு நியாயம் என் பக்கம்.

பௌர்ணமிப் போயா லீவு அன்று காலை அவளுடைய அப்பா என் வீட்டுக்கு வந்தார், அவளையும் கூட்டிக்கொண்டு. நான் இப்போது இருப்பது ரோட்டோரம் கட்டிய வீடு, லயமில்லை. கணவர் அட்டனில் வேலை, பிள்ளைகள் கொழும்பில், வீட்டில் நான் மட்டும்தான். உள்ளே வாங்க என்றேன். "இல்லீங்க டீச்சர், காலெல்லாம் சேறு" என்று இஸ்தோப்பிலேயே, முன்வாசலுக்கும் படிக்கும் நடுவே, நின்றுகொண்டார். நான் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

மகளை முற்றத்துப் பூச்செடிகளைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"புள்ளைக்குத் திரும்ப போன் எடுத்துத் தர்றதாச் சொன்னீங்களாம். வேணாங்க டீச்சர்."

"ஏன் வேணாம்? அந்த ரெண்டு வரியையும் அவ வாசிச்சே ஆகணும். அந்த ஆளு கேக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

"நீங்க நல்லதுக்குத்தான் செய்யிறீங்க." கையிலிருந்த தொப்பியை மடித்து மடித்துப் பிரித்தார். "அங்கன ஒரு குளம் இருந்துச்சின்னு எங்க ஆளுக சொல்லுவாங்க, நெசந்தான். நாங்க எறங்குன குளமுன்னு சொன்னதில்ல. அதப் புள்ளகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க. அவ நம்பிக்கிட்டு இருக்கா. அப்பிடியே மறந்துருவா, விட்டுருங்க."

"நீங்க ஒண்ணும் வெக்கப்பட வேண்டியதில்லைங்க. வெக்கப்பட வேண்டியவங்க அவங்க" என்றேன். நல்ல வசனம். சொல்லிவிட்டு, இருங்க தேத்தண்ணி ஊத்துறேன் என்று குசினிக்குப் போனேன்.

இஞ்சி தட்டிப் போட்டேன். சீனி கூடுதலாகவே போட்டேன், பிள்ளைக்குப் பிடிக்கும் என்று. மூன்று பேருக்கும் ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். அவள் செடியிலிருந்து ஓடிவந்தாள். அப்பாவுக்குக் கொடுத்தேன், அவளுக்குக் கொடுத்தேன், என்னுடையதை எடுத்துக்கொண்டேன். ஒரு வாய் குடித்திருப்பேன். அவள் குடிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கையில் பூப்போட்ட பீங்கான் கோப்பை. அவர்கள் கையில் எவர்சில்வர் டம்ளர் இரண்டு. ஒன்றின் விளிம்பு நசுங்கியிருக்கும். பின்வாசல் கதவுக்கு மேலே உள்ள சின்னப் பலகையில் அவை தனியாக இருப்பவை. என் அம்மா வைத்தது. தீபாவளிக்கும், யாராவது இறந்தால் சேதி சொல்லவும் அவள் அப்பா வரும்போது அதில்தான் கொடுப்போம். அம்மா போய் எட்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த டம்ளர்களை அவருக்கு எடுத்துக் கொடுத்தவள் நான்தான். ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அன்றும் நினைக்கவில்லை. அலமாரியில் ஆறு கோப்பைகள் இருந்தன, மூன்றைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கை நேராகப் பின்வாசல் பலகைக்குப் போய்விட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அதை எனக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். முற்றத்துப் பைப்படிக்குப் போய் டம்ளரைக் கழுவி, மதிலில் கவிழ்த்து வைத்தார். வழக்கமாக அப்படித்தான் செய்வார். நான் வழக்கமாக அதைப் பார்க்க மாட்டேன்.

"அப்பா, ஏன் நீங்க கழுவுறீங்க?" என்று அவள் கேட்டாள். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் கோப்பையைத் தட்டில் வைத்தேன். கேள்வி கேட்கத் தொடங்கினால் நிறுத்தாத பிள்ளை, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தன் டம்ளரில் இருந்ததைக் குடித்தாள். பைப்படிக்குப் போனாள். அப்பா செய்தது போலவே அலசி, அவருடைய டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அந்த சாருக்கு இனிமே போன் எடுக்க வேணாம் டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

இப்போது தரம் ஐந்தில் இருக்கிறாள், வேறு ஆசிரியையிடம். எதிரே கண்டால் குட்மோர்னிங் சொல்வாள். கவிதை எழுதுகிறாளா என்று அந்த ஆசிரியையிடம் விசாரித்தேன். இல்லை, கணக்கில் கெட்டிக்காரி என்றார். அந்த இரண்டு டம்ளர்களையும் அன்றே எடுத்து மற்றவற்றோடு சேர்த்து அடுக்கிவிட்டேன். யார் வந்தாலும் எதில் வேண்டுமானாலும் ஊற்றுகிறேன். நசுங்கியதைத் தட்டி நேராக்கியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் கழுவி அடுக்கும்போது, எவை அந்த இரண்டு என்று பார்க்காமலே என் கைக்குத் தெரிகிறது.